குறிப்பு அனுப்பாதே, கண்ணா

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இப்போது என்னென்ன கேம் ஆடிக்கொண்டிருக்கிறேன், எது பிடித்திருக்கிறது, எதைப் பாதியில் விட்டேன் என்றெல்லாம் கேட்டிருந்தாய். போனில் சொல்லத் தொடங்கினால் நீ குறுக்கே புகுந்து, "அந்தக் குகைக்குப் போயாச்சா, அங்கே மேலே பார்த்தியா" என்று கேட்டுக் கேட்டே நான் கண்டுபிடிக்க வேண்டியதையெல்லாம் உடைத்துவிடுவாய். ஆகவே எழுத்தில் சொல்லிவிடுகிறேன். நான் மாற்றி மாற்றி ஆடுபவை நான்கு கேம்கள். அவற்றில் என் மனம் அதிகமாகக் கிடப்பது, விண்வெளி ஓடத்தில் கோள் கோளாகச் சுற்றிப் பார்க்கும் அவுட்டர் வைல்ட்ஸில்தான் என்பதால் இந்தக் கடிதத்திலும் அதற்கே பெரும்பங்கு போகும். மற்றவை கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

நீ அதை முடித்தவன். உனக்குக் கதை சொல்லத் தேவையில்லை. ஆனால் முடித்தவனுக்கு முதல் நாள்கள் மறந்துபோயிருக்கும். நான் இன்னும் அந்த முதல் நாள்களுக்குள்தான் இருக்கிறேன். குளிர்காயும் நெருப்பருகே கண் விழிக்கிறேன். விண்வெளி ஓடத்தை ஏவுவதற்கான குறியீட்டை வாங்கிக்கொண்டு கிளம்புகிறேன். 22 நிமிடங்களில் சூரியன் சிவந்து பருத்து, சட்டெனச் சுருங்கி, நீல ஒளியாக வெடித்து எல்லாவற்றையும் விழுங்குகிறது. மறுபடியும் அதே நெருப்பருகே கண் விழிக்கிறேன். இதில் என்னை முதலில் பிடித்து நிறுத்தியது சூரியன் வெடிப்பது அல்ல. ஒவ்வொரு முறை கண் திறக்கும்போதும் தலைக்கு மேலே அந்தப் பச்சைநிறக் கோளின் அருகில் ஏதோ ஒன்று சிதறுவதும், அதிலிருந்து ஒரு பொருள் பிரிந்து விர்ரென்று பறந்து போவதும் தெரியும் அல்லவா? தொடக்கத்தில் அதைத் திரைக்கு அழகூட்டும் சங்கதி என்றே எடுத்துக்கொண்டேன். பிறகு ஒருமுறை எழுந்து ஓடாமல் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது பறக்கும் திசை முந்தைய முறை போல் இல்லை என்று உறைத்தது. எல்லாமே அச்சுப் பிசகாமல் திரும்ப நடக்கும் ஓர் உலகத்தில், இது ஒன்று மட்டும் ஏன் மாறுகிறது? என்னிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. திரையின் ஓரத்தில் "இதைக் கண்டுபிடி" என்று எந்தப் பட்டியலும் தோன்றவில்லை. கேள்வி நானாகவே எழுப்பிக்கொண்டது என்பதால்தான் சமையலறையில் நிற்கும்போதும் அது என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது.

ஓடத்தை ஓட்டுவதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அதில் பிரேக் என்று ஒன்று கிடையாது. முன்னால் உந்தினால் முன்னால் போய்க்கொண்டே இருக்கும். நிற்க வேண்டுமென்றால் எதிர்த்திசையில் அதே அளவு உந்த வேண்டும். கோள் சும்மா நிற்பதில்லை, சூரியனைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே நாம் நிற்பது என்பதே அதனோடு சேர்ந்து ஓடுவதுதான். நமது வேகத்தை அதன் வேகத்தோடு பொருத்துவதற்கென்றே ஒரு பட்டன் இருப்பதை அறிந்த பிறகு என் கைக்குத் தெம்பு வந்தது. இறங்கும்போது அடிப்புறக் கேமராவைத் திறந்து, தரை மெல்ல மெல்லப் பெரிதாவதைப் பார்த்தபடி, மேல்நோக்கிய உந்துதலைத் தொட்டுத் தொட்டு விட்டு, கால்கள் மண்ணில் படும் அந்தச் சின்னச் சத்தத்தைக் கேட்பதில் கிடைக்கும் நிறைவு, வேறு கேம்களில் பெரிய எதிரியை வீழ்த்தினால்கூட எனக்குக் கிடைத்ததில்லை. தானியங்கி வசதி இருக்கிறதே, அதை நம்பக் கூடாது என்பதையும் கற்றுக்கொண்டேன்; போக வேண்டிய கோளுக்கும் நமக்கும் இடையே சூரியன் இருந்தால், அது சிறிதும் தயங்காமல் சூரியனுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு போய்விடுகிறது. உன் அப்பா அதைப் பார்த்துவிட்டு, "நேர்வழியில் போகிறவர்களின் கதி இதுதான்" என்றார்.

இந்தக் கேமில் எந்தக் கதவும் "உனக்கு இன்னும் தகுதி வரவில்லை" என்று பூட்டிக்கொள்வதில்லை என்பதைப் புரிந்துகொள்ளச் சற்றுக் காலம் பிடித்தது. கிளம்பும்போது கையில் இருந்த கருவிகள்தாம் கடைசிவரை. புதிய ஆயுதம் இல்லை, கூடுதல் உயிர் இல்லை, லெவல் ஏறுவது இல்லை. சூரியன் வெடித்துத் திரும்பி வரும்போது எனக்கு மிச்சமாவது நான் தெரிந்துகொண்டது மட்டுமே. மணல் கொட்டும் அந்த இரட்டைக் கோள்களையே எடுத்துக்கொள்: ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மணல் பாய்ந்துகொண்டே இருப்பதால், ஒரு பக்கம் புதைந்திருந்த கட்டடங்கள் வெளிப்பட, மறுபக்கம் குகைகள் நிரம்பி மூடுகின்றன. எந்த நிமிடத்தில் எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் சாவி. அந்தச் சாவியைக் கேம் எனக்குத் தருவதில்லை. என் தலைக்குள் உருவாகும்வரை காத்திருக்கிறது.

அப்படி உருவான ஒன்றைச் சொல்கிறேன், கேட்டுவிட்டுச் சும்மா இரு. அந்த இரட்டைக் கோளின் குகை ஒன்றில், பெரிய மீனின் எலும்புக்கூட்டருகே, முன்பு அங்கே வாழ்ந்து மறைந்துபோன இனத்துக் குழந்தைகள் விளையாடிய ஒரு விளையாட்டின் விதிகள் சுவரில் எழுதியிருந்தன. மீனாக நடிக்கும் பிள்ளைக்குக் கண்ணைக் கட்டிவிட வேண்டும். மற்றவர்கள் சத்தமில்லாமல் அதைக் கடந்து போக வேண்டும். படித்தபோது, கூடுதலாக எழுதி வைத்த சுவையான செய்தி என்று புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். வேறொரு நாள், முட்புதர் போன்ற அந்த மூடுபனிக் கோளுக்குள் உந்து விசையை முழுதும் அழுத்திக்கொண்டு நுழைந்து, ஒரு விளக்கு வெளிச்சத்தைத் தேடிப் போக, அது விளக்கல்ல, ஒரு மீனின் நெற்றி. வாய் திறந்ததைப் பார்த்தேன், அவ்வளவுதான். மறுபடி நெருப்பருகே கண் விழித்தபோது, அந்தக் குழந்தைகளின் விதிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. இன்னும் அங்கே திரும்பிப் போகவில்லை. எப்படிப் போக வேண்டும் என்று எனக்கு ஓர் எண்ணம் இருக்கிறது. அது சரியா தவறா என்பதை அந்த மீன்கள் சொல்லட்டும், நீ சொல்ல வேண்டாம்.

2019-இல் வெளிவந்த இதை உருவாக்கியது மோபியஸ் டிஜிட்டல் என்ற சிறிய நிறுவனம் என்பதும், அலெக்ஸ் பீச்சம் என்பவர் முதுகலை மாணவராக இருந்தபோது செய்த ஆய்வுத் திட்டமாக இது தொடங்கியது என்பதும் உனக்குத் தெரிந்திருக்கும். ஒரு மாணவரின் திட்டத்திலிருந்து வந்தது என்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. பரீட்சை வைக்கும் கேம்கள் ஏராளம். படிக்க வைக்கும் கேம்கள் சொற்பம். ஓடத்திலுள்ள பதிவேட்டைப் பற்றி மட்டும் எனக்கு இரண்டு மனம். கண்டுபிடித்தவற்றையெல்லாம் கோடு போட்டு இணைத்துக் காட்டி, "இந்த இடத்தில் இன்னும் பார்க்க வேண்டியது உண்டு" என்று அது சொல்லிவிடுகிறது. அந்த வரி இல்லாவிட்டால் பலர் பாதியில் விட்டிருப்பார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நான் அதைக் கூடியவரை திறக்காமல், ஒரு நோட்டுப் புத்தகத்தில் நானே எழுதிக்கொள்கிறேன்.

சில வேளைகளில் ஒன்றும் தேடாமல், தொலைவிலுள்ள ஒலிகளைக் கேட்க உதவும் கருவியை எடுத்து வானத்தில் திருப்பிக்கொண்டிருப்பேன். ஒரு திசையில் பேஞ்சோ, இன்னொரு திசையில் புல்லாங்குழல், வேறெங்கோ மவுத் ஆர்கன். ஒவ்வொரு கோளிலும் ஒவ்வொரு பயணி தனியாக உட்கார்ந்து வாசிக்கிறார். தொலைவிலிருந்து ஒரே நேர்கோட்டில் பிடித்தால் அவை எல்லாம் சேர்ந்து ஒரே பாட்டு. அவர்களுக்கு ஒருவர் வாசிப்பது மற்றவர் காதில் விழாது, எனக்கு மட்டும்தான் கேட்கிறது என்பதை நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் அன்றைக்கு அணைத்தேன்.

அடுத்தது ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின். லூக்காஸ் போப் அநேகமாகத் தனியொருவராகச் செய்து 2018-இல் வெளியிட்டது. 1802-இல் புறப்பட்டுக் காணாமற்போன கப்பல் ஒன்று 1807-இல் ஆளில்லாமல் ஃபால்மத் துறைமுகத்துக்கு வந்து சேர்கிறது. நான் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய காப்பீட்டு ஆய்வாளர். கப்பலில் இருந்த 60 பேரில் ஒவ்வொருவரும் யார், அவருக்கு என்ன நேர்ந்தது, யாரால் நேர்ந்தது என்று ஒரு புத்தகத்தில் நிரப்ப வேண்டும். இறந்தவரின் எச்சத்தருகே என்னிடமுள்ள மாயக் கடிகாரத்தைத் திறந்தால், கடைசி நொடிகளில் பேசிய குரல்கள் இருட்டில் கேட்கும். பிறகு அந்தச் சாவின் கணம் அசையாமல் விரிய, அதற்குள் நடந்து பார்க்கலாம். எல்லாம் இரண்டே நிறம், புள்ளி புள்ளியாக, பழைய மக்கின்டாஷ் கணினித் திரையைப் போல. முதல் அரை மணி நேரம் கண் உறுத்துகிறது. பிறகு பழகிவிடுகிறது என்று சொல்வதைவிட, நிறம் இல்லாததால் கண் வேறு விவரங்களைத் தேடத் தொடங்கிவிடுகிறது என்று சொல்வதே சரி.

அந்த விவரங்களில் ஒன்று. மாலுமிகள் உறங்கும் அறையில் வரிசையாகத் தூளிகள் தொங்குகின்றன. ஒருவர் செத்துக்கொண்டிருக்கும் காட்சி அது; யாரும் முதலில் அவரைத்தான் பார்ப்பார்கள். நானும் அவரையே சுற்றிச் சுற்றி வந்தேன். பிறகு சலிப்பில் அறையின் மறுகோடிவரை நடந்து போனபோது, ஒவ்வொரு தூளியிலும் ஒரு சின்ன எண் தொங்குவதைக் கண்டேன். எண்ணை வைத்துக்கொண்டு பணியாளர் பட்டியலைத் திறந்தால், அங்கும் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஓர் எண். ஒரே நொடியில் முகமில்லாமல் கிடந்த பல பெயர்களுக்கு முகம் வந்தது. போர்வைக்கு வெளியே ஒரு கால் மட்டும் தெரிந்தால், அந்தக் காலின் காலணி வேறொரு காட்சியில் யாருடையது என்று தேடிப் போகலாம். இவ்வளவையும் முதலிலிருந்தே என் கண் முன்னால் வைத்திருந்தார்கள். எதையும் மறைக்கவில்லை, எதையும் சுட்டிக்காட்டவும் இல்லை. அந்தப் பட்டியலில் இந்தியாவிலிருந்து வந்த மாலுமிகளும் இருக்கிறார்கள், ருஷ்யர்களும் சீனர்களும் இருக்கிறார்கள். பேச்சின் சாயலை வைத்தே சிலரை இனம் பிரித்துவிடலாம் என்பதால் காதையும் தீட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நாம் எழுதியது சரியா என்பதை அது உடனே சொல்வதில்லை. மூன்று பேருடைய பெயரும் முடிவும் சேர்ந்து சரியாக இருந்தால்தான் அச்சிட்டு உறுதி செய்கிறது. ஊகித்து நிரப்புவதைத் தடுக்க இதைவிட நல்ல உபாயம் எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் இதிலும் ஒரு சந்து உண்டு. இரண்டு பேரைப் பற்றி உறுதியாகத் தெரிந்துவிட்டால், மூன்றாமவருக்குப் பெயரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துத் தள்ளிவிடலாம். சில பெயர்களை நான் அப்படித் தள்ளியிருக்கிறேன். வெட்கமொன்றும் இல்லை, கம்பெனி தரும் சம்பளத்துக்கு இவ்வளவு போதும். எனக்கிருக்கும் உண்மையான குறை வேறு. ஏற்கெனவே பார்த்த ஒரு காட்சியை மறுபடி பார்க்க வேண்டுமானால், புத்தகத்திலிருந்து நேரே தாவ முடியாது. அந்த எச்சம் கிடக்கும் இடத்துக்கே படியேறி இறங்கிப் போக வேண்டும். சந்தேகம் கூடக் கூட நடையும் கூடுகிறது. யோசிப்பதற்கு அந்த நடை நேரம் தருகிறது என்று நீ வாதாடுவாய். எனக்கு உட்கார்ந்தே யோசிக்க வரும்.

ஒரு பெண் மலையேறுவதைப் பற்றிய செலஸ்ட் இவற்றுக்கு நேரெதிர். அதில் யோசனைக்கு வேலை குறைவு, விரலுக்குத்தான் வேலை. மலையேறும் அந்தப் பெண்ணுக்குக் காற்றில் ஒருமுறை பாயும் சக்தி உண்டு. அது கையில் இருக்கும்வரை கூந்தல் சிவப்பு, செலவழித்துவிட்டால் நீலம், தரையைத் தொட்டால் மறுபடி சிவப்பு. திரையின் மூலையில் அளவுகோலோ எண்ணோ எதுவும் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும் பாத்திரத்தின் தலைமுடியே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. நான் இந்தக் கேமைப் பாராட்டுவதற்கு இதுவே போதும். ஆனால் அதைவிட வியப்பானது இன்னொன்று. விளிம்பைத் தாண்டி அவள் கால் காற்றில் வைத்த பிறகும், ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு, குதிக்கும் பட்டனை அது ஏற்றுக்கொள்கிறது. தாமதமாக அழுத்தியவரையும் சரியாக அழுத்தியவர்போல நடத்தி, அதை வெளியே காட்டிக்கொள்ளாமலும் இருந்துவிடுகிறது. மேல் கூரையின் முனையில் தலை இடித்தாலும், சற்றே பக்கவாட்டில் ஒதுக்கி மேலே அனுப்பிவிடுகிறது. இதை உருவாக்கியவர்களில் ஒருவரான மேடி தோர்சன் இந்தச் சலுகைகளைப் பற்றி வெளிப்படையாகவே விளக்கியிருக்கிறார். அதைப் படிக்கும்வரை, என் கை திருந்திவிட்டது என்றே நினைத்து மகிழ்ந்துகொண்டிருந்தேன். படித்த பிறகும் மகிழ்ச்சி குறையவில்லை. கடுமையான கேம் என்று பெயர் வாங்கிய ஒன்று, ஆடுபவருக்குத் தெரியாமல் அவர் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

என் வயது விரல்களுக்கு அந்த மறைமுகச் சலுகை மட்டும் போதாது என்பதால், உதவிப் பயன்முறையில் வேகத்தைச் சற்றுக் குறைத்தே ஆடுகிறேன். "அப்படி ஆடினால் அது ஆட்டமே இல்லை" என்று உன் நண்பர்கள் சொல்வார்களாம். சொல்லட்டும். 2018-இல் வெளியிட்டபோதே, இந்த வசதியைக் கேமுக்குள் ஓர் ஓரமாக ஒளிக்காமல் முன்னால் வைத்தவர்கள் அதை உருவாக்கியவர்களேதான். அவர்களுக்கு இல்லாத கவலை இவர்களுக்கு எதற்கு? செத்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் அதே அறையில் நிற்க வைக்கிறார்கள், கண்டிக்கும் திரை எதுவும் இல்லை, பழைய இடத்துக்கு இழுத்துச் செல்வதும் இல்லை. ஆகவே கோபம் வருவதற்கு அவகாசமே கிடைப்பதில்லை.

இப்போது உனக்கு வருத்தம் தரக்கூடிய விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டார்ட்யூ வேலி என்ற விவசாயக் கேம். எனக்கென்றே நீ தேர்ந்தெடுத்து வாங்கித் தந்தது. அமைதியான கேம், அம்மாவுக்குப் பிடிக்கும் என்று எழுதியும் இருந்தாய். எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் நான்காண்டுகளுக்கு மேல் உழைத்து, நிரலும் ஓவியமும் இசையும் தாமே செய்ய, 2016-இல் வெளிவந்தது என்பதற்காகவே அதன்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அமைதி என்று மட்டும் சொல்லாதே. அந்தக் கடிகாரத்தில் பத்து நிமிடம் என்பது நமது ஏழு நொடி. காலை ஆறு மணிக்கு எழுந்து இரவு இரண்டு மணிக்கு மயங்கி விழும்வரை கணக்குப் போட்டுப் பார், ஒரு முழு நாளுக்கு வெறும் பதினான்கு நிமிடம். அதற்குள் செடிகளுக்குத் தண்ணீர் விட வேண்டும், சுரங்கத்துக்குப் போக வேண்டும், ஐந்து மணிக்குள் கடைக்கு ஓட வேண்டும். போனால் அன்றைக்குப் புதன்கிழமை, விடுமுறை. பருவத்துக்கு 28 நாள். அது முடிந்தால் வயலில் நிற்பதில் பெரும்பகுதி ஒரே இரவில் காய்ந்து சருகாகிவிடும். அவுட்டர் வைல்ட்ஸில் உலகமே அழியும் 22 நிமிடங்களில் எனக்கு வராத பரபரப்பு, இந்த முள்ளங்கி வயலில் வந்துவிடுகிறது.

இன்னொரு வேறுபாட்டையும் யோசித்துப் பார்த்தேன். இதுவும் பலவற்றைச் சொல்லாமல்தான் விடுகிறது. கெளுத்தி மீன் மழை பெய்யும்போது மட்டும் ஆற்றில் கிடைக்கும், அதுவும் சில பருவங்களில்தான் என்பது போன்ற செய்திகளுக்கு அங்கங்கே சிறு துப்பு இருந்தாலும், பெரும்பாலும் தற்செயலாகக் கண்டுகொள்ள வேண்டும், அல்லது கேமை விட்டு வெளியே போய்த் தேடிப் படிக்க வேண்டும். குழந்தைகளின் விளையாட்டு விதியிலிருந்து மீனின் இயல்பை அறிவது ஒன்று. அட்டவணையைப் பார்த்து மீன் பிடிக்கப் போவது வேறு ஒன்று. முன்னதில் சொல்லாமல் விட்டதை நான் எட்டிப் பிடிக்க வழி வைத்திருக்கிறார்கள். பின்னதில் அப்படி இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் அதை நான் முழுதாகக் கைவிடவில்லை. காலையில் தொலைக்காட்சியில் நாளைக்கு மழை என்று தெரிந்ததும், பூவாளியைக் கொல்லரிடம் கொடுத்துவிடுவேன். அதை மேம்படுத்தித் தர இரண்டு நாள் ஆகும். அவற்றில் ஒரு நாளின் வேலையை மழை பார்த்துக்கொள்ளும். இந்தச் சின்னத் திட்டம் பலிக்கும் காலைப்பொழுதுகளில் அந்தக் கேம் உண்மையிலேயே அமைதியாக இருக்கிறது.

உன் அப்பாவைக் கேட்டிருந்தாய். அவர் டெட்ரிஸைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் அதை முதலில் எழுதிய கணினியில் படம் வரையும் வசதியே இல்லாததால், கட்டைகளை அடைப்புக்குறிகளால் ஆக்கிக் காட்டினாராம்; அதைச் சொன்னேன், தலையசைத்தார், திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நீளக் கட்டை வேண்டுமென்றே வராமல் இருக்கிறது என்பது அவருடைய நிலையான புகார். இப்போதைய டெட்ரிஸில் ஏழு வகைக் கட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, அந்த ஏழும் தீர்ந்த பிறகே அடுத்த பையைத் திறக்கிறது என்பதை எடுத்துச் சொன்னேன். அப்படியானால் ஒரு நீளக் கட்டைக்கும் அடுத்ததற்கும் இடையே அதிகபட்சம் 12 கட்டைகள்தாம் வர முடியும். அவர் நம்பவில்லை. ஒரு மாலை முழுதும் எண்ணிக்கொண்டே ஆடினார். இப்போது, "பன்னிரண்டு வரை இழுக்கிறதே, அதுதான் சதி" என்கிறார். செலஸ்டைப் போலவே இதிலும் ஆடுபவருக்குச் சாதகமான ஏற்பாடு ஒன்று மறைந்திருக்கிறது. ஆனால் இங்கே அதை வெளிப்படுத்தியதால் ஒரு நன்மையும் விளையவில்லை.

பாதியில் விட்டது ஒன்றே ஒன்று. அதன் பெயர் எதற்கு? பரந்த நிலப்பரப்பு, கண்ணைப் பறிக்கும் மலைகள், குதிரைச் சவாரி எல்லாம் இருந்தன. கூடவே எங்கே போக வேண்டும் என்று தரையில் ஒளிரும் கோடு, எதை எடுக்க வேண்டும் என்று மின்னும் பொருள், ஒரு புதிரின் முன் சற்று நின்றால் போதும், பக்கத்தில் வரும் தோழன் விடையை வாய்விட்டுச் சொல்லிவிடுவான். நான் மலையைப் பார்க்கவே இல்லை, கோட்டைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். அமைப்புகளில் போய் அந்தக் கோட்டை அணைத்தும் பார்த்தேன். அணைத்த பிறகுதான் தெரிந்தது, அந்த நிலப்பரப்பு கோடு இல்லாமல் வழி தேடுவதற்காகவே அமைக்கப்படவில்லை. அடையாளம் வைத்துக்கொள்ள ஒரு தனி மரமோ பாறையோ கிடையாது. மூடி வைத்துவிட்டேன்.

சேர்ந்து ஆடுவோம் என்று நீ சொன்ன இட் டேக்ஸ் டூ பற்றியும் பதில் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சம்மதம். ஒருவர் வாங்கினால் போதும், மற்றவர் நண்பர் அனுமதியை இலவசமாக இறக்கிக்கொண்டு சேரலாம் என்று படித்தேன். ஆகவே நீயே வாங்கு. பிரியப் போகும் கணவனும் மனைவியும் பொம்மைகளாகிவிடுவது கதை என்பதால், மனைவியாக வரும் 'மே' எனக்கு, கணவனாக வரும் 'கோடி' உனக்கு. இருவருடைய திரையும் பெரும்பாலும் பக்கம் பக்கமாகத் தெரியும் என்பதுதான் எனக்கு யோசனையாக இருக்கிறது. நான் எங்கே திகைத்து நிற்கிறேன் என்பது உனக்கு அப்பட்டமாகத் தெரிந்துவிடும். அதனால் இப்போதே ஒரு நிபந்தனை. நான் நின்றால் நீயும் நிற்க வேண்டும். குதித்துக் காட்டக் கூடாது, ஆணியைப் பார் சுத்தியலைப் பார் என்று சொல்லக் கூடாது, பெருமூச்சும் விடக் கூடாது. நானாகக் கேட்டால் மட்டும் சொல்லலாம், அதுவும் பாதி மட்டும். இதற்கு ஒப்புக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை மாலையே தொடங்கலாம். அதற்கு முன் அந்த மூடுபனிக் கோளுக்குள் ஒருமுறை போய்வந்துவிடுகிறேன். போனது எப்படி முடிந்தது என்று நானே எழுதுவேன், நீ கேட்காதே.

அன்புடன்,
அம்மா